சண்முகசுந்தரியைப் பற்றி இரண்டு பேர்

தென்காசி,
9-8-1958

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை சண்முகசுந்தரியைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். நல்ல சாரல். பெரிய அருவியில் குளித்துவிட்டு, செண்பகாதேவி அருவிவரை ஏறலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் மறுத்ததில்லை. பாதி தூரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள். பிறகு இருமினாள். வாயில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. வெற்றிலை போட்டிருக்கிறாளோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவ்வளவு முட்டாளாக நின்றுகொண்டிருந்தேன்.

விறகு இறக்கிக்கொண்டு வந்த இரண்டு பேர் சுமையைப் போட்டுவிட்டு, என் வேட்டியில் அவளைத் தூளி கட்டிக் கீழே கொண்டுவந்தார்கள். நான் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன். தென்காசியில் ஊசி போட்டுப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். "எத்தனை வருஷமா இப்படி மூச்சு வாங்குது?" என்றார். இன்றைக்குத்தான் என்றேன். கட்டிலில் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே, "பதினோரு வயசுல இருந்து" என்றாள்.

இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறதாம். சிறு வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சலின் மிச்சமாம். அப்போதே வைத்தியம் பார்த்த டாக்டர் வீட்டாரிடம் சொல்லியிருப்பாரே என்று என்னைக் கேட்டார். நான் வீட்டார் இல்லையே, மாப்பிள்ளைதானே. எனக்கு என்ன தெரியும்?

உங்கள் தகப்பனார் காலமான பிறகு நீங்கள்தான் அவளைத் தாரை வார்த்துக் கொடுத்தீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தையில் பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
காந்திமதிநாதன்


மாதுங்கா, பம்பாய்,
20-8-1958

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அன்று ஒர்க்ஷாப்புக்குப் போகவில்லை. சுந்தரி இப்போது எப்படி இருக்கிறாள் என்பதைத் தாங்கள் கடைசிவரை எழுதவில்லை. கேள்வி கேட்பதில் இருந்த அவசரம் அதில் இல்லை.

அவளுக்குச் சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது உண்மை. இலத்தூரில் அந்த வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. படுத்தாள், எழுந்தாள், பள்ளிக்கூடம் போனாள். தங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வருஷம் கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கிறாள், மாவு ஆட்டியிருக்கிறாள். ஒருநாளும் படுத்ததாகத் தாங்கள் எழுதியதில்லை. மலையில் ஏற்றிய அன்றுதான் படுத்திருக்கிறாள். பெண்பிள்ளையை மழையில் நனையவைத்துப் பாறையில் ஏறச் சொன்னது யார் என்று நானும் கேட்கலாம். கேட்கவில்லை.

டாக்டர்கள் ஆயிரம் சொல்லுவார்கள். நன்றாகக் கவனித்துக்கொள்ளவும்.

தில்லைநாயகம்


தென்காசி,
14-3-1959

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் ஆகஸ்டுக் கடிதத்தைப் பற்றி இனிப் பேசப்போவதில்லை. நான் கேட்டது ஒரு வார்த்தை. நீங்கள் அந்த வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள்.

ஐப்பசியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை சண்முகசுந்தரி பாளையங்கோட்டையில் கிடந்தாள். முதலில் பதினெட்டு நாள், பிறகு இருபத்தாறு நாள். கால் வீங்கி விரல் வைத்தால் குழி விழுந்தது. நீர் இறங்க ஊசி போட்டார்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இனிமேல் லீவு கிடையாது என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிப் போய் திங்கட்கிழமை காலையில் நேரே வகுப்புக்கு வருவேன். அந்தச் சட்டையில் அடித்த ஆஸ்பத்திரி வாடையை வைத்துப் பையன்கள் எனக்கு லைசால் சார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சுரண்டை ஊர்க்காரி ஒருத்தி. இதே வியாதி. புருஷன் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனவன்தானாம், நாற்பது நாளாக வரவில்லை. யார் நடந்து வந்தாலும் அவள் வாசலைப் பார்ப்பாள். சண்முகசுந்தரி தன் கஞ்சியில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிடுவாள். அவனைப் போன்ற மனிதர்களும் இருக்கிறார்கள்.

என் அம்மா பாவூர்சத்திரத்துக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். சமையல் நான்தான். சண்முகசுந்தரிக்கு உப்பு ஆகாது. தனியாக எதற்கு இரண்டு குழம்பு என்று எனக்கும் உப்பில்லாமலே வைத்துவிடுகிறேன். "உங்களுக்கு என்ன கேடு, நீங்க உப்புப் போட்டுத் தின்னுங்க" என்று சண்டை போடுகிறாள். அவள் சண்டை என்பது அவ்வளவுதான். மூன்று வார்த்தைக்கு மேல் பேச மூச்சு இருப்பதில்லை.

இன்னொன்று. பிள்ளை உண்டாகக் கூடாது, உண்டானால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார். அவள் தலையாட்டினாள்.

மதினியை ஒரு மாதத்துக்கு இங்கே அனுப்ப முடியுமா? வேறு எதுவும் கேட்கவில்லை.

காந்திமதிநாதன்


மாதுங்கா, பம்பாய்,
2-4-1959

மாப்பிள்ளைக்கு,

மதினிக்கு இது ஏழாம் மாதம். ஏற்கெனவே மூன்று சின்னஞ்சிறுசுகள். ஒரே அறையில் இருக்கிறோம். அவளை அனுப்ப முடியாது. நானும் இப்போது வர முடியாது.

தாங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தையை இன்று எழுதுகிறேன். தெரியும்.

தங்களுக்கு முன்னால் இரண்டு இடம் வந்தது. முதலில் வந்தவர்களிடம் எங்கள் அம்மாவே எல்லாவற்றையும் சொன்னாள். காப்பி குடித்துவிட்டு, கலந்துகொண்டு எழுதுகிறோம் என்று போனார்கள். எழுதவில்லை. இரண்டாவதாக வந்தவர்களிடம் நான் சொன்னேன். அவர்கள் காப்பி குடிக்கக்கூட உட்காரவில்லை. அன்று சாயங்காலம் சுந்தரி வாசலில் உதிர்ந்து கிடந்த பூவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணே, அடுத்தாப்ல வாரவுகளுக்கு டிக்காஷன் கொஞ்சமாப் போட்டாப் போதும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மூன்றாவதாக வந்தது தாங்கள். நான் சொல்லவில்லை. அம்மாவையும் சொல்லவிடவில்லை.

அவள் நிலைமையில் தங்களுக்கு ஒரு தங்கை இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். யோசித்துவிட்டு என்னைத் திட்டி எழுதுங்கள்.

தில்லைநாயகம்


பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி,
11-6-1960

திரு. தில்லைநாயகம் அவர்களுக்கு,

உறவு சொல்லி அழைக்க இன்று கை வரவில்லை.

முந்தாநாள் உங்கள் தங்கைக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஆறு மாதம். அழவில்லை. ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். என் உள்ளங்கையும் முழங்கையும் போதுமானதாக இருந்தது. அவள் இன்னும் பிழைத்துக் கிடக்கிறாள். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

நான்காம் மாதம்வரை அவள் என்னிடம் சொல்லவில்லை. வாந்தியை மருந்தின் மேல் போட்டாள், வயிற்றை வீக்கத்தின் மேல் போட்டாள். தெரிந்தபோது டாக்டர், இனிக் கலைப்பதும் ஆபத்து, வைத்திருப்பதும் ஆபத்து என்றார். மறைப்பதை உங்கள் வீட்டில் பாலோடு ஊட்டி வளர்த்திருக்கிறீர்கள். எனக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஜாக்கிரதையாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்று அவளுக்குப் படுக்கை விரிப்பு மாற்றும்போது தலையணை உறைக்குள் ஒரு இன்லண்ட் கடிதம் கிடந்தது. உங்கள் கையெழுத்து. போன கார்த்திகையில் எழுதியது. "பிள்ளை இல்லாதவளுக்கு அந்த வீட்டில் இடம் நிலைக்காது. வியாதியைக் காட்டி உன்னை ஒருநாள் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு பிள்ளை இருந்தால் யாரும் அசைக்க முடியாது. யோசித்துக்கொள்."

டாக்டர் சொன்னதை உங்களுக்கு நான்தான் எழுதினேன். தெரிந்துகொண்டு இதை எழுதியிருக்கிறீர்கள். தீபாவளிக்கு வந்து என் வீட்டில், நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போய் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருஷமாக அவளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் பிடித்தவன் நான். பெட்பான் எடுத்தவன் நான். நான் ஒதுக்கிவிடுவேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?

காந்திமதிநாதன்


மாதுங்கா, பம்பாய்,
21-6-1960

மாப்பிள்ளைக்கு,

யார் சொன்னது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கள் கடிதம்தான். 2-9-1958 தேதியிட்டது. தங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் இங்கேயும் நகல் எடுத்து எழுதுகிறேன்.

"பழுதை மறைத்து விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வது விற்றவரின் கடமை. பதினைந்து நாள் அவகாசம் தருகிறேன். வந்து தங்கள் தங்கையை அழைத்துச் செல்லவும். வராவிட்டால் நானே கொண்டுவந்து இலத்தூரில் தங்கள் தாயார் வீட்டு வாசலில் விட்டுவிடுவேன்."

நல்ல கையெழுத்து. கரும்பலகையில் எழுதிப் பழகிய கை.

இதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் வந்து அழைத்துப் போக வேண்டியிருக்கும். இந்த ஒரே அறையில் அவளை எங்கே படுக்கவைப்பேன், யார் பார்ப்பார்கள் என்று பயந்தேன். கடிதம் வராததுபோல் இருந்துவிட்டேன். தாங்களும் அதை எழுதாததுபோல் இருந்துவிட்டீர்கள். நான் கோழை என்பது எனக்குத் தெரியும். தாங்கள் அடுத்த கடிதத்தில் சுரண்டைக்காரியின் புருஷனைப் பற்றி எழுதியதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பேன் என்று யோசியுங்கள்.

போன தீபாவளிக்கு வந்தபோது இதைச் சுந்தரியிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அவள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. முழுவதும் படித்தாள். மடித்து என்னிடமே கொடுத்தாள். "அவுக ஸ்கூல் விட்டு வார நேரமாச்சு" என்று எழுந்து போனாள். தாங்கள் அன்று வந்து காப்பி போட்டீர்கள். அவளும் குடித்தாள்.

அந்த இன்லண்டை எழுதியது என் பாவம். குழந்தையை நினைத்தால் சாப்பிட முடியவில்லை. ஆனால் அந்தப் பாவத்தை நான் மட்டும் சுமக்க மாட்டேன்.

தில்லைநாயகம்


தென்காசி,
3-7-1960

அத்தான்,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறக்கவில்லை. நீங்கள் கிழித்துப் போட்டிருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

எப்படி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதிய "பாறையில் ஏறச் சொன்னது யார்" என்ற வரி மண்டைக்குள் கிடந்து குடைந்தது. சிவப்பு மைப் பேனாவை வைத்துவிட்டு வேறு பேனா எடுத்து எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எழுதி முடித்ததும் அந்த வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது என்றுகூடத் தோன்றியது.

அதன் பிறகு பதினைந்து நாள் உங்களுக்காகக் காத்திருந்தேன். நீங்கள் வந்திருந்தால் அனுப்பியிருப்பேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசவில்லை, உண்மை அதுதான். ஆனால் நீங்கள் வருகிறவரை மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. நாடி எண்ணிப் பார்த்து, அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத் தினமும் காலையில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். கல்யாணமாகி அதுவரை ஒரு நிமிஷம் முழுதாக நான் அவள் கையைப் பிடித்ததில்லை. பதினைந்து நாள் முடிந்தது. நீங்கள் வரவில்லை. பதினாறாம் நாளும் நாடி எண்ணினேன். இலத்தூருக்குக் கொண்டுபோய் விடுவதாக எழுதியிருந்ததை நினைக்கவில்லை.

இதை நான் தியாகம் மாதிரி உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம். அவள் அதில் எட்டு மாதம் எல்லாம் தெரிந்துகொண்டு என் முன்னால் உட்கார்ந்து அந்த உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்டிருக்கிறாள். "நல்லாருக்கு" என்று சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியுமோ என்னவோ. நாடி பார்க்கும்போது கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இனிக் கொஞ்ச காலம் எழுத வேண்டாம். நானும் எழுதவில்லை.

காந்திமதிநாதன்


மாதுங்கா, பம்பாய்,
12-9-1961

மாப்பிள்ளைக்கு,

ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு வரி இல்லை. பிறகு ஒரு தந்தி. "வேலூரில் ஆபரேஷன், உடனே வரவும்." வந்தேன். சுவாசத்துக்காகக் கழுத்து நரம்பு துடிக்க அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நெஞ்சைத் திறந்து, இருதயத்துக்குள் விரலை விட்டு அந்த வால்வை விரித்துவிடுவோம் என்று டாக்டர் சொன்னபோது தாங்களும் நானும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். நான்கு மணி நேரம் அதே பெஞ்சு. ஒரு வார்த்தை பேசவில்லை.

பிழைத்துவிட்டாள் என்று வந்து சொன்ன பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். யார் முதலில் ஆரம்பித்தது என்பதில் இப்போது சண்டை வேண்டாம். மூன்றாம் நாள் வார்டு வாசலில், நர்சுகள் பார்க்க, தாங்கள் என்னைப் பிள்ளையைக் கொன்றவன் என்றீர்கள். நான் தங்களைப் பெண்டாட்டியைச் சரக்கு என்றவன் என்றேன். கதவு திறந்திருந்தது. அவள் கட்டில் ஐந்தடி தூரத்தில்கூட இல்லை. அன்று மாலையே ரயில் ஏறிவிட்டேன். அவளிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு கார்டு போட்டால் போதும்.

தில்லைநாயகம்


தென்காசி,
26-11-1961

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்களுக்குக் கார்டு போடத் தாமதமாகிவிட்டது. போடுவதற்கு இங்கே உத்தரவு கிடைக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அக்டோபர் கடைசியில் வேலூரிலிருந்து கூட்டிவந்தேன். விழுப்புரத்தில் ரயில் மாறும்போது தூக்கிப் போக ஆள் பிடிக்கலாம் என்றேன். அவள் பாலத்தில் ஏறி நடந்து வந்தாள். நான்தான் பெட்டியோடு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். இங்கே வந்து மூன்று வாரம் இடது பக்கத் தையல் வலிக்கிறது என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதியையும் நடந்து வந்தாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். நான் வழக்கம்போல நாடி பார்க்கக் கையை நீட்டினேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னைச் சரக்குன்னு எழுதினீகளா?" என்றாள்.

எழுதினேன் என்றேன்.

"நீங்க அதத் திருப்பி வாங்குவீக, ஒரு நாளாவது சொல்லுவீகன்னு பாத்தேன். கஞ்சி வச்சீக, மருந்து குடுத்தீக, காலப் பிடிச்சு விட்டீக. அதச் சொல்லல."

பயமாக இருந்தது என்றேன்.

"எனக்கும்தான் பயமா இருந்தது. நான் கோவிச்சுக்கிட்டா யாரு எனக்குத் தண்ணி தருவா? கோவப்பட மூச்சு வேணும்லா. மூணு வருஷம் எனக்கு இருந்த மூச்சு உசிரோட இருக்கத்தான் பத்தும். இப்பதான் கோவப்பட முடியுது. நீங்க இருந்து கேக்கணும்."

உட்கார்ந்து கேட்டேன். அத்தான், அவள் இரண்டு மணி நேரம் பேசினாள். இடையில் ஒருதரம்கூட மூச்சு வாங்கவில்லை. அடுத்த வீட்டில் பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றுபோய்விட்டது. பெண் பார்க்க வந்த அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாளாம். "நீங்க தரையப் பாத்துக்கிட்டு காப்பி குடிச்சீக. எங்க அண்ணன் உங்களைப் பாத்துக்கிட்டு நின்னான். என்னைய யாரு பாத்தா?" என்றாள்.

குழந்தையைப் பற்றியும் சொன்னாள். இதை உங்களுக்கு எழுத வேண்டும். "அண்ணன் எழுதினதால நான் பிள்ளை பெத்துக்கிட நெனச்சேன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீக. அதுக்காக ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அடிச்சுக்கிட்டீக. எனக்குப் பிள்ளை வேணும்னு இருந்தது. எனக்கா வேணும்னு இருந்தது. செத்தாலும் பரவால்லன்னு இருந்தது. அத என்கிட்ட கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல." அப்புறம் குழந்தை யார் ஜாடை என்று கேட்டாள். ஒன்றரை வருஷம் கழித்துக் கேட்கிறாள். அவளிடம் காட்டாமலே கொண்டுபோய்ப் புதைத்தவன் நான். அவளுக்குத் தாங்காது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். நெற்றி அவளுடையது என்று சொன்னேன். அப்போதுதான் அழுதாள். நான் அருகில் போனபோது தள்ளி உட்காரச் சொன்னாள்.

இப்போது இந்த வீட்டில் இருக்கிறாள். எனக்குச் சோறு போடுகிறாள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நீங்கள் நினைக்க வேண்டாம், நானும் நினைக்கவில்லை. மருத்துவச்சி வேலைக்குப் படிக்க மனுப் போட்டிருக்கிறாள். இந்த உடம்போடு எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். அதை அவர்கள் சொல்லட்டும் என்றாள்.

இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்குக் காட்டி நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்லவில்லை. "என்னப் பத்தி ரெண்டு பேரும் எழுதினது இதோட போதும்" என்று மட்டும் சொன்னாள். ஆகவே இனி என்னிடமிருந்து உங்களுக்கு அவளைப் பற்றிக் கடிதம் வராது. நீங்களும் என்னிடம் கேட்க வேண்டாம்.

அவளே உங்களுக்குத் தனியாக எழுதுவாளாம். எப்போது என்று கேட்டேன்.

"மெதுவா எழுதுதேன். அண்ணனுக்கு எழுத வேண்டியது நெறைய இருக்கு" என்றாள்.

காந்திமதிநாதன்